இருபத்தொரு டாக்டரும் ஒரு டிபன் பாக்ஸும்

"அப்போ நோயாளி?"

"நோயாளிதான் இல்ல மேடம்."

"இருபத்திரண்டு பிள்ளைங்க. ஒண்ணுக்குக்கூடவா உடம்பு சரியில்லாமப் போகத் தெரியாது?"

"பிள்ளைங்களுக்குத் தெரியும் மேடம். பெத்தவங்கதான் விட மாட்டேங்கிறாங்க."

மழலையர் வகுப்பு மிஸ், இருபத்திரண்டு படிவங்களையும் தலைமை ஆசிரியையின் மேஜைமேல் வைத்தாள். கை காலியானதும் அது தானாக வயிற்றின் வலப்பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. நான்கு நாட்களாக அந்தக் கைக்கு அதுதான் இருப்பிடம்.

உலக மருத்துவ வரலாறு என்றாவது ஒழுங்காக எழுதப்பட்டால், அதில் முதல் அத்தியாயம் இந்தப் பள்ளிக்குத்தான். மற்ற இடங்களில் ஒரு டாக்டரைப் பார்க்க ஊரே வரிசையில் நிற்கிறது. இங்கே இருபத்தொரு டாக்டர்கள் தயார்; நோயாளிக்குத்தான் தட்டுப்பாடு. வெள்ளிக்கிழமை நடக்கவிருந்த 'குட்டி மருத்துவமனை' விழாவின் சாதனை அது. குழந்தைகள் விளையாடுகிறார்கள் என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. சுற்றறிக்கையின்படி அவர்கள் 'அனுபவ வழியில் பரிவைக் கற்கிறார்கள்.'

அந்தச் சுற்றறிக்கையை எழுதியது தலைமை ஆசிரியையே. "தங்கள் குழந்தைக்குரிய பாத்திரத்தைத் தெளிவாகக் குறிப்பிடவும்" என்று கேட்டிருந்தார். டாக்டர், நர்ஸ், நோயாளி, மருந்துக் கடைக்காரர் என்று விதவிதமாக வரும் என்பது எதிர்பார்ப்பு. இருபது பேர் 'டாக்டர்' என்று எழுதினார்கள். ஒரு தகப்பனார் மட்டும் 'இதய நிபுணர்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். கடைசிப் படிவத்தைத் தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"சிவப்பு மூடி போட்ட டிபன் பாக்ஸ் ஒன்று. மூடியில் கீறல் உண்டு. போன மாதம் தொலைந்த ஸ்பூனும் இதனுடையதே."

"பாத்திரம்னு கேட்டோம்ல மேடம். அவங்க அப்பா பாத்திரத்தையே எழுதிட்டாரு."

"அந்தப் பிள்ளையையே நோயாளியாப் போட்டுடலாமே?"

"தாராளமாப் போடலாம் மேடம்."

"வேண்டாம், வேண்டாம். எங்க பொண்ணு மட்டும் ஏன் படுக்கணும்னு நாளைக்கு வந்து நிப்பாங்க." மேடம் யோசித்தார். நிர்வாகம் என்பது யோசிப்பதுதானே. "வாசலுக்கு ஒரு வாட்ச்மேன் வேணும்ல? அவளை நிறுத்திடுங்க. நோயாளியா நீங்களே படுத்துக்கங்க."

"நானா மேடம்?"

"உங்களுக்குத்தான் ஏற்கெனவே வயித்து வலி இருக்கே. ஒத்திகைகூடத் தேவையில்ல."

"அதைப் பத்திதான் மேடம்... இன்னிக்கு அரை நாள் லீவு கொடுத்தீங்கன்னா, ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போயிட்டு..."

"ஆஸ்பத்திரியே நம்ம ஸ்கூலுக்கு வருது. நீங்க எங்க போறீங்க? வெள்ளிக்கிழமை முடியட்டும். வலி எங்கயும் போயிடாது."

அந்த அறையில் அன்று சொல்லப்பட்ட ஒரே மருத்துவ உண்மை அது.

மறுநாள் ஆயாம்மா பழைய மேஜை விரிப்புகளை வெட்டி வெள்ளைக் கோட்டு தைத்தாள். மிஸ் தரையில் உட்கார்ந்து, சிவப்பு அட்டையில் கூட்டல் குறி வெட்டினாள். ஒவ்வொன்றையும் வெட்டி முடித்ததும் கத்தரிக்கோலை வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள்.

"முகமெல்லாம் வெளுத்துப் போச்சே மிஸ். லீவு கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேன் ஆயாம்மா."

"என்ன சொன்னாங்க?"

"ஆஸ்பத்திரிய இங்கயே கட்டச் சொன்னாங்க."

'டிபன் பாக்ஸ்' மிஸ்ஸின் பக்கத்தில் வந்து நின்றாள். ஆசிரியர் அறையில் அதற்குள் அவளுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. கழுத்தில் புது விசில்.

"மிஸ், வாட்ச்மேன் என்ன பண்ணணும்?"

"யார் வர்றாங்க, யார் போறாங்கன்னு நல்லாப் பாக்கணும். ஏதாவது தப்பா நடந்தா விசில் ஊதணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்டா கண்ணு."

வியாழக்கிழமை மேடத்தின் இரண்டாவது சுற்றறிக்கை வந்தது. "நோய் இனிமையானதாக இருத்தல் வேண்டும். நோயாளி சிரித்த முகத்துடன் காணப்படுதல் வேண்டும். இரத்தம், கண்ணீர், வாந்தி ஆகியவை வளாகத்தினுள் அனுமதிக்கப்படா." மிஸ் அதைப் படித்துவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினாள். விதிமீறல் எதுவும் யார் கண்ணிலும் படவில்லை.

வெள்ளிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. சிறப்பு விருந்தினராக ஒரு நிஜ டாக்டரே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அவரைப் பார்க்க மூன்று வாரம் காத்திருக்க வேண்டும் என்று மேடம் ஒலிபெருக்கியில் பெருமையாக அறிவித்தார். அவரும் அடக்கமாகத் தலையசைத்தார். குட்டி மேஜைகள் இரண்டை ஒட்டிப் போட்ட கட்டிலில், முழங்கால் மடக்கி மிஸ் படுத்தாள். சிரித்தாள். சுற்றறிக்கை அப்படி.

முதல் டாக்டர் வந்தார். அட்டைக் கணினியில் மடமடவென்று தட்டினார். நோயாளி பக்கம் திரும்பவே இல்லை. "அடுத்தவங்க வாங்க!" என்றார். அரங்கம் சிரித்தது.

இரண்டாமவர் வாழைப்பழ வடிவ ரப்பரைக் காதில் வைத்துக்கொண்டு வந்தார். "நான் ரவுண்ட்ஸ்ல இருக்கேன். அப்புறம் கூப்பிடுறேன்." அதே வேகத்தில் போய்விட்டார்.

மூன்றாமவர் நின்றார். மிஸ் மெதுவாகச் சொன்னாள்: "டாக்டர், இங்க ரொம்ப வலிக்குது."

"நீங்க பேசக் கூடாது. நான்தான் டாக்டர். ஒண்ணுமில்ல, வெறும் டென்ஷன். கூட யார் வந்திருக்காங்க? அவங்ககிட்டதான் சொல்லுவேன்."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நிஜ டாக்டர் மட்டும் இந்த இடத்தில் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு இதய நிபுணர் வந்தார். நல்ல கனமான நிபுணர். இதயம் எங்கே இருக்கிறது என்று இன்னும் சொல்லித்தரப்படாததால், கட்டிலில் ஏறி, மிஸ்ஸின் வயிற்றில் வலப்பக்கம் முழங்காலை ஊன்றி, எட்டித் தேடினார்.

மிஸ் கத்தினாள்.

அடுத்த கணம் கைதட்டல் கூரையைப் பிளந்தது.

"பாத்தீங்களா, எங்க ஆசிரியைகளோட அர்ப்பணிப்ப!" என்றார் மேடம் ஒலிபெருக்கியில்.

"ரொம்பத் தத்ரூபம். எங்க வார்டுலகூட இவ்வளவு நல்லா யாரும் கத்தினதில்ல" என்று நிஜ டாக்டர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் பாராட்டினார்.

மேடம் கட்டிலருகே வந்து குனிந்தபோது மிஸ் அவர் முந்தானையைப் பிடித்தாள். "மேடம், இது நடிப்பில்ல..."

"சிரிங்க மிஸ். போட்டோ எடுக்கப் போறாங்க."

இருபத்தொரு டாக்டர்களும் கட்டிலுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். நிஜ டாக்டர் நடுவில் வந்து நின்றார். பெற்றோர்கள் கைபேசியை உயர்த்தினார்கள். மிஸ்ஸுக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளை முதுகுகள்தான். பிடிமானத்துக்காக ஒரு வெள்ளைக் கோட்டின் நுனியை நோக்கிக் கையை நீட்டினாள்.

"அந்தக் கை படத்துல விழுது. கொஞ்சம் உள்ள இழுத்துக்கச் சொல்லுங்க" என்றார் போட்டோக்காரர்.

அப்போது விசில் சத்தம் கேட்டது. ஒரே ஊதல், நீளமாக, மூச்சு தீரும்வரை.

வாசலிலிருந்து வாட்ச்மேன் வந்தாள். இருபத்தொரு கோட்டுகளையும் விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். உள்ளே இழுத்துக்கொள்ள முடியாமல் தொங்கிய கையை இரண்டு கைகளாலும் பிடித்தாள். அது சில்லென்று, வியர்வையில் நனைந்திருந்தது. அண்ணாந்து வெள்ளைக் கோட்டுகளைப் பார்த்தாள். நடுவில் நின்ற பெரிய டாக்டரைப் பார்த்தாள். பிறகு, அங்கே கேட்பதற்கு வேறு யாருமே இல்லை என்பதுபோல், மேடத்தின் பக்கம் திரும்பினாள்.

"மேடம், மிஸ்ஸுக்கு நிஜமாவே வலிக்குது. யாராவது ஒரு டாக்டரைக் கூப்பிடுறீங்களா?"