தொரைக்கு வழிவிட்ட மூன்று கோல்கள்

பொய் சொல்லி வேலை வாங்குகிறவர்களில் இரண்டு வகை உண்டு. சிலர் அந்த வேலையைப் பிறகு கற்றுக்கொள்வார்கள். மற்றவர்கள், என்னைப் போல, அந்த வேலையைச் செய்து காட்டவேண்டிய நாள் வரைக்கும் நன்றாகச் சாப்பிடுவார்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஹட்டன் ஸ்டேஷனில் மூட்டை தூக்கினேன். வலப்பனையில் ஒரு பேக்கரியில் மாவு பிசைந்தேன். நோட்டன் பிரிட்ஜில் மின்சார வேலைத்தளத்தில் கல் உடைத்தேன். எங்கேயும் ஆறு மாதம் தாண்டியதில்லை. சில இடங்களில் போகச் சொன்னார்கள். சில இடங்களில் சொல்லப் போகிறார்கள் என்று தெரிந்து நானே கிளம்பிவிட்டேன். இருபத்திரண்டு வயதில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது என்னிடம் ஒரு கம்பளி, இரண்டு சாரம், ஒரு தகரக் குவளை இருந்தன. அந்தக் குவளையிலும் பிடி இல்லை.

தோட்டத்தில் ஒருவன் ஆளாக வேண்டுமென்றால் அவன் பேர் செக்ரோலில் இருக்க வேண்டும். வேலைக்காரர்களின் பேர் எழுதுகிற புத்தகம் அது. அதில் பேர் இருந்தால் அரிசி உண்டு, லயத்து வரிசையில் குடியிருக்க ஒரு காம்பரா உண்டு, காய்ச்சல் வந்தால் கசப்பு மருந்தும் உண்டு. பேர் இல்லாதவன் மழைக்கு எவன் வாசலிலாவது ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான். நான் நிறைய வாசல்களில் ஒண்டியவன். அந்தத் தடவை எப்படியாவது பேரைப் பதிந்துவிடுவது என்று இருந்தேன்.

செக்ரோல் கணக்கப்பிள்ளை ஐயாவின் கையில் இருந்தது. தோட்டத்துப் பந்து டீமும் அவர் கையில்தான். தேயிலை அவருக்கு உத்தியோகம். பந்துதான் உயிர்.

"எங்கேயிருந்து வர்ற?"

"நோட்டன் பிரிட்ஜுங்க ஐயா."

"அங்க பெரிய டீம் இருக்காமே. நீ பந்தடிப்பியா?"

"பேக்குங்க," என்றேன்.

நோட்டன் பிரிட்ஜில் வேலைத்தளத்துக்காரர்கள் பந்தடித்தது உண்மை. நான் அங்கே நின்றதும் உண்மை. பந்து ஆற்றில் விழுந்தால் இறங்கி எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. (அந்தத் தண்ணீரின் குளிருக்குப் பந்தடிப்பதே சுகமாக இருந்திருக்கும்.) கோலுக்கு முன்னால் நின்று எதிராளியைத் தடுக்கிறவனுக்குப் பேக் என்று பேர் என்பது வரைக்கும் தெரிந்திருந்தது. நிற்பதுதானே வேலை, நமக்கு நிற்கத் தெரியாதா என்று நினைத்தேன்.

"சனிக்கிழம பக்கத்துத் தோட்டத்தோட மேட்ச். ஜெயிச்சாப் பேரு பதியிறேன். அது வரைக்கும் சங்கிலி காம்பராவுல இருந்துக்க."

சங்கிலி ஃபேக்டரியில் பாயிலருக்கு விறகு போடுகிறவன். டீமில் கோல் காப்பவன். கதவளவு உடம்பு. அவன் காம்பராவில் நான்கு நாள் அவன் தங்கை சுட்ட ரொட்டியைத் தின்றுகொண்டு, நோட்டன் பிரிட்ஜில் நான் தடுத்த பந்துகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

சனிக்கிழமை தூறல். பத்துப் பன்னிரண்டு பேர் தவிர எல்லோரும் தலையில் துண்டு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள், ஆடுகிறவர்கள் உட்பட. இரண்டு தோட்டங்களையும் ஆள்கிற வெள்ளைக்காரப் பெரியதொரைமாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எதிர் டீம் இறங்கியபோதுதான் பார்த்தோம், அவர்களுடைய சென்டர் பார்வர்டு அந்தத் தோட்டத்தில் பெரியதொரைக்கு அடுத்தபடியான சின்னதொரை. லண்டனிலிருந்து வந்து மூன்று மாதம்தான். முழங்கால் இரண்டும் தக்காளிப்பழம்.

தோட்டத்துப் பாதையில் தொரை வந்தால் நாங்கள் என்ன செய்வோம் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பாதையை விட்டு இறங்கிக் கான் ஓரம் நிற்போம். கான் என்றால் மழைத் தண்ணீர் போகிற வாய்க்கால். தலைத் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வோம். "சலாங்க தொரை" என்போம். அவர் தாண்டிப் போன பிறகு மறுபடி பாதையில் ஏறுவோம். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததாக ஞாபகம் இல்லை. தூக்கத்தில் எழுப்பினாலும் செய்வோம்.

முதல் கோல் என்னால் விழுந்தது. சின்னதொரை நேரே என்னைப் பார்த்துப் பந்தோடு வந்தார். நான் நன்றாகத்தான் நின்றுகொண்டிருந்தேன். அவர் நாலடி தூரத்தில் வந்ததும் என் கால்கள் தாமாக ஓரத்துக்குப் போய்விட்டன. துண்டு கக்கத்துக்குப் போய்விட்டது.

"சலாங்க தொரை," என்றேன்.

"தேங்க் யூ," என்று சொல்லிவிட்டுக் கோல் போட்டார்.

இரண்டாவது கோலுக்கும் நான்தான். அந்தத் தடவை வாயை மூடிக்கொண்டேன். அது ஒரு முன்னேற்றம். மூன்றாவது கோல் சங்கிலியுடையது. பந்து அவன் நெஞ்சுக்கு நேரே, ஒரு குழந்தை பிடிக்கிற வேகத்தில் வந்தது. அவன் இரண்டு கைகளும் தலைக்கு மேலே கம்பளித் துண்டை அவிழ்த்துக்கொண்டிருந்தன.

எங்கள் பக்கம் மருதை இரண்டு கோல் போட்டிருந்தான். மூன்றுக்கு இரண்டு. தோற்றோம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை பெரட்டுக்களத்தில் விசாரணை. வேலை நாட்களில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கிற இடம் அது. கணக்கப்பிள்ளை குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் காசிம் நானாவும் வந்திருந்தார். பந்து அவர் இரவல் கொடுத்தது. வாங்கிப் போக வந்தவரைப் பொதுவான ஆள் என்று நடுவில் உட்கார வைத்துவிட்டார்கள்.

"பேக்கு மேல தப்பு இல்லேன்னு ஆனா இவன் பேரப் பதியிறேன்," என்றார் கணக்கப்பிள்ளை. "தப்புன்னா மூட்டையக் கட்டட்டும். பேசுங்க."

மருதை எழுந்தான். "ரெண்டு கோல் நான் போட்டேன். மூணு கோல் இவனுங்க விட்டானுங்க. இதுல பேச என்னங்க இருக்கு?"

"இருக்குங்க," என்று நான் எழுந்தேன். படிப்பில்லாதவனுக்கு வாய் ஒன்றுதான் துணை. "சின்னதொரை பந்த எங்கேயிருந்து கொண்டாந்தாரு? நடு லைன்லேயிருந்து. அங்க நின்னது யாரு? மருதை. நீ என்ன பண்ணின மருதை?"

"எனக்கு மூச்சு வாங்கிச்சு. நின்னேன்."

"மூச்சு வாங்குறவனுக்குத் துண்டு எதுக்குக் கக்கத்துல?"

களம் முழுக்கச் சிரிப்பு. எனக்கு ஏறிவிட்டது. "நடுவுல நின்ன மூணு பேரும் ஒதுங்குனாங்க. நானும் ஒதுங்குனேன். பதினோரு பேரும் ஒதுங்குனோம். பேக்கு கடைசியா நின்னதால பழி பேக்கு தலையில. மொதல்ல ஒதுங்குனவன விட்டுப்புட்டுக் கடைசியா ஒதுங்குனவனப் புடிக்கிறது என்னங்க நியாயம்?"

"சரி, கோல்கீப்பர்?" என்றார் காசிம் நானா. "ஒங்கட ரெண்டு கையும் எங்க போன?"

சங்கிலி தலையைக் குனிந்துகொண்டான். "கம்பளிய ரெண்டு சுத்து சுத்திக் கட்டியிருந்தேன் நானா. ஒத்தக் கையால அவுக்க முடியாது."

நானாவுக்குச் சிரிப்பை அடக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "பேச்சு நல்லாத்தான் இருக்கு தம்பி," என்றார் என்னைப் பார்த்து. "கால்தான் போதல்ல."

கணக்கப்பிள்ளை குடையால் தரையில் தட்டினார். "மத்தவன் ஒதுங்கலாம். பேக்கு ஒதுங்கக்கூடாது. அதுக்குத்தான் பேக்கு. இப்பவே பாத்துருவோம். மருதை, நீ தொரை வேசம் கட்டிப் பந்தோட வா. இவன் தடுத்தாப் பேரு பதியிறேன். ஒதுங்குனா இன்னிக்கே கெளம்பட்டும்."

மருதை பங்களா சமையல்காரரிடம் பழைய தொப்பி ஒன்றும் காலுறையும் இரவல் வாங்கிக்கொண்டு உரக் காம்பராவுக்குப் பின்னால் போனான். அங்கே பாதை வளைந்து களத்துக்கு இறங்குகிறது. நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றேன். காசிம் நானா பின்னாலிருந்து சொன்னார்: "தொப்பியப் பாக்காதீங்க. பந்தப் பாருங்க."

அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கியது. எங்கள் பக்கத்தில் அது வழக்கம்தான். எதிரே நிற்கிறவன் மூக்கு தெரியும், காது தெரியாது.

எங்களுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் கிளப்பில், உன் ஆட்கள் என் சின்னதொரைக்குச் சலாம் போட்டே கோல் கொடுத்தார்கள் என்று பக்கத்துத் தோட்டத்துத் தொரை எங்கள் பெரியதொரையைக் கேலி செய்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பக்கமே வராத மனிதர், அதைக் கணக்கப்பிள்ளையிடம் கேட்பதற்கென்றே அன்றைக்கு நடந்து வந்துகொண்டிருந்தார். உரக் காம்பராவுக்குப் பின்னால் தொப்பியும் காலுறையுமாக நின்ற மருதை அவரைப் பார்த்துவிட்டான். பந்தை அங்கேயே போட்டுவிட்டுத் தேயிலைச் செடிகளுக்குள் விழுந்து படுத்துக்கொண்டான். பந்து சரிவில் தானாக உருண்டது. பெரியதொரை என்ன நினைத்தாரோ, ஒரு காலால் அதை மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார்.

நான் பார்த்தது இவ்வளவுதான்: மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பந்து, பின்னால் இரண்டு காலுறை, மேலே ஒரு தொப்பி.

என்னைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சட்டென்று கான் ஓரம் இறங்கினார்கள். துண்டுகள் கக்கத்துக்குப் போயின. கணக்கப்பிள்ளையே தலைப்பாகையை எடுத்துவிட்டார். எவ்வளவு நன்றாக நடிக்கிறார்கள், என்னை ஒதுங்க வைக்க என்ன பாடுபடுகிறார்கள் என்று நினைத்தேன். சங்கிலி இரண்டு கைகளாலும் கம்பளியை அவிழ்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் எனக்குக் கோபமே வந்துவிட்டது. என் சிநேகிதன், அவனுமா?

"ஒதுங்க மாட்டேண்டா மருதை!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

என் ஆயுளில் நான் செய்த ஒரே சுத்தமான தடுப்பு அதுதான். முதலில் பந்து, பிறகுதான் ஆள். பந்து என் காலடியில் நின்றது. ஆள் தொப்பியோடு கானுக்குள் போனார்.

யாரும் கைதட்டவில்லை. மருதை செடிகளுக்குள்ளிருந்து மெல்லத் தலையைத் தூக்கினான். அவன் தலையில் ஒரு தொப்பி இருந்தது. கானுக்குள் ஒரு தொப்பி மிதந்தது. இரண்டு தொப்பி என்று நான் எண்ணி முடிக்கச் சிறிது நேரமாயிற்று.

பெரியதொரை எழுந்தார். முழங்காலில் சேறு, சேற்றுக்குள் ரத்தம். நான் அப்போதுதான் கான் ஓரம் ஒதுங்கித் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். (சரியான மரியாதைதான். கொஞ்சம் பிந்திவிட்டது.) அவர் பந்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நீ பேக்?"

"ஆமாங்க தொரை."

"இது நேத்து எங்கே?"

நான் பந்தை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"மேட்ச் நேத்து! மடையன்! மேட்ச் நேத்து!"

அவர் கணக்கப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். "இவன் பேரு வெட்டு."

"இவன் பேரு இன்னும் பதியலீங்க தொரை."

தொரை கொஞ்சம் யோசித்தார். சொன்னது சொன்னதுதான் என்று இருக்கிற மனிதர். "போடு," என்றார். "பெறகு வெட்டு."

கணக்கப்பிள்ளை செக்ரோலை எடுத்துவரச் சொன்னார். என் முழுப் பேரையும் அப்பா பேரையும் கேட்டு மையால் எழுதினார். நல்ல கையெழுத்து. மை காயும்வரை ஊதினார். காய்ந்ததும் அடிமட்டம் வைத்துக் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். எல்லாம் முடிந்து தொரை போன பிறகு காசிம் நானா பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்:

"பேக்குல பிழை இல்ல. ஒரு நாள் பிந்திட்டான், அவ்வளவுதான்."

மூட்டையைக் கட்ட எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. நானாவோடு கடைவீதி வரைக்கும் நடந்தேன். தேத்தண்ணியும் பணிசு ரொட்டியும் வாங்கிக் கொடுத்தார். பிறகு ஆறு மாதத்துக்குச் சற்றுக் குறைவாக அவருடைய துணி மூட்டைகளைத் தோட்டம் தோட்டமாகச் சுமந்தேன்.

அடுத்த வருஷம் சங்கிலியின் தங்கை செல்லம்மாவைக் கட்டினேன். பேர் இல்லாதவனுக்குப் பெண் கொடுக்க அவர்கள் வீட்டில் யோசித்திருக்கிறார்கள். தொரையைக் கானுக்குள் தள்ளியவன் இவன்தான் என்று சங்கிலி சொன்னானாம். அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம்.

கல்யாணத்துக்குப் பிறகு எல்லோரும் பிரஜாவுரிமை மனுவைத் தூக்கிக்கொண்டு ஓடிய காலம் வந்தது. எங்களைப் போன்றவர்கள் மனுப் போட்டால்தான் இலங்கைப் பிரஜை, அதற்கு நாட்டில் இருந்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்றார்கள். நான் மூட்டை தூக்கிய இடத்திலும் கல் உடைத்த இடத்திலும் என் பேரை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதியது அந்தச் செக்ரோலில் மட்டும்தான், அதுவும் குறுக்குக் கோட்டோடு. கணக்கப்பிள்ளை ஐயாவைப் பிடித்து அதன் நகலை எழுதி வாங்க இரண்டு வாரம் அலைந்தேன். அதை எடுத்துக்கொண்டு மனு வாங்குகிற கந்தோருக்குப் போனபோது கிளார்க் சுவரில் இருந்த கலண்டரைக் காட்டினார். கடைசி நாள் முந்தின தினம்.

வெளியே சங்கிலி காத்திருந்தான். அவன் மனு முந்தின வாரமே போயிருந்தது. என் முகத்தைப் பார்த்தான்.

"மேட்ச் நேத்தா?"

"ஆமா," என்றேன்.

இருவரும் சிரித்தோம். பிறகு பொகவந்தலாவை பஸ்ஸைப் பிடிக்க நடந்தோம்.

இப்போது எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு இல்லாமல் ஒரு வாரம் போவதில்லை. மழை விட்ட பிறகு நான் குடையை எடுத்துக்கொண்டு போனால், காய்ச்சல் இறங்கிய பிறகு மருந்தோடு வந்தால், செல்லம்மா அடுப்பிலிருந்து தலையைத் திருப்பாமலே "மேட்ச் நேத்து" என்பாள். பந்தாட்டம் என்றால் என்னவென்று தெரியாத என் சின்ன மகளும் சொல்கிறாள். நான் எதிர்த்துப் பேசுவதில்லை. தலையில் கட்டிய துண்டை இரண்டு கைகளாலும் அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சுவர் ஓரமாக ஒதுங்கி நிற்கிறேன்.