ஒரு பங்குக்கு எத்தனை?

"எங்களை எந்தப் பங்குல சேத்திருக்கீக?" என்று செபஸ்தியம்மாள் பள்ளிக்கூட வாசலில் நின்று கேட்டபோது, ஞானதுரை வாத்தியாருக்குக் கேள்வியே விளங்கவில்லை. விளங்கிய பிறகு வந்த கோபம் அன்று சாயங்காலம் வரை இறங்கவில்லை.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வருகிறார். வந்தால் சும்மா போகிறவர் இல்லை. பிள்ளைகளுக்கு வகுத்தல் கணக்குக் கொடுப்பார். இந்த வருஷம் புதிதாக, பத்திரிகைச் செய்தியைப் படிக்கச் சொல்லி, படித்ததில் என்ன புரிந்தது என்றும் கேட்பாராம். பிள்ளைகள் தேறினால்தான் பள்ளிக்கூடத்துக்கு சர்க்கார் மானியம். மானியம் வந்தால்தான் வாத்தியாருக்கு வேலை. இதைப் பங்குச் சாமியார் மதுரைக்குப் புறப்படும்போது சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டுப் போயிருந்தார். கழுத்துக்குக் கத்தி வைப்பதைச் சிரித்துக்கொண்டே வைக்கிறவர்களைக் கண்டால் ஞானதுரைக்கு ஆகாது.

ஆகவே செபஸ்தியம்மாள் வருவதற்கு முந்தின நாளே இரண்டு பாடத்தையும் ஒருசேரத் திருப்பிப் பார்த்தார். முதலில் பத்திரிகை, அது முடிந்த கையோடு வகுத்தல். ஊர்ச் சங்கதியை வைத்துக் கணக்குப் போட்டால் இன்ஸ்பெக்டருக்குப் பிடிக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதை நம்பிப் பலகையில் எழுதினார்: 'நம் ஊரில் முந்நூற்றுத் தொண்ணூறு குடும்பங்கள். இரண்டு பங்காகப் பிரித்தால் ஒரு பங்குக்கு எத்தனை குடும்பம்?' கூடவே, பத்திரிகைச் செய்தியை வீட்டில் போய் முழு வாக்கியமாகச் சொல்லிப் பழக வேண்டும் என்றும் உத்தரவு போட்டார்.

செபஸ்தியம்மாளின் மகள் லூர்து மேரி கெட்டிக்காரி. இன்றைக்குப் பத்திரிகையில் என்ன செய்தி என்று தாய் கேட்க, பலகைக் கணக்கையும் செய்தியாக நினைத்து முழு வாக்கியமாகவே சொன்னாள். "ஊரை ரெண்டு பங்காப் பிரிக்கிறாக. ஒரு பங்குக்கு நூத்தித் தொண்ணூத்தஞ்சு குடும்பம்."

விடை சரி. வாக்கியமும் சரி. வாத்தியாருக்கு வயிறு எரிந்ததே அதனால்தான். தப்பாகச் சொல்லியிருந்தால் பிரம்பையாவது எடுத்திருக்கலாம்.

சந்தியாகப்பர் கோயிலைச் சுற்றிக் குடியிருக்கும் கத்தோலிக்க ஊரில் பங்கு என்றால் பாகம் என்று எவன் நினைப்பான்? பங்கு என்றால் கோயில், சாமியார், மணி, கல்லறை, சப்பரம் எல்லாம் அடக்கம். அதைப் பிரித்தால் மேலத் தெருவுக்கு எது, கீழத் தெருவுக்கு எது? விடிவதற்குள் மேலத் தெருக்காரர்கள் கோயில் மணிக்கு ஆள் போட்டுக் காவல் வைத்தார்கள். கீழத் தெருக்காரர்கள் அதற்குள் சப்பரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

"அது வெறும் கணக்கு, ஆத்தா" என்று வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"அப்ப கணக்கெல்லாம் போட்டு முடிச்சிட்டீக. எங்களுக்குத்தான் கடைசியா சொல்றீக" என்றாள் செபஸ்தியம்மாள். புதுப் பங்கு வந்தால் புதுப் பள்ளிக்கூடமும் வரும், அதுவரை மகள் ஆடு மேய்க்கட்டும் என்று சொல்லிவிட்டுப் பெண்ணைக் கையோடு இழுத்துக்கொண்டு போனாள். அவளைப் பார்த்து இன்னும் சில தாய்மார்கள் வந்து பிள்ளைகளைக் கூட்டிப் போனார்கள்.

ஞானதுரை பலகையை அழித்த வேகத்தில் பலகையே ஆடியது. குடும்பம் என்று எழுதினால்தானே வம்பு? ஆடு என்று எழுதினார். நூறு ஆடு, மூன்று பங்கு. ஆட்டுக்கு ஏது சாமியார், ஆட்டுக்கு ஏது கல்லறை என்று அவருக்குத் திருப்தி. ஈவு முப்பத்து மூன்று, மீதி ஒன்று என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னார்கள். நேற்றுப் போட்டதும் இந்த மாதிரிக் கணக்குத்தான், வீட்டில் போய் விளக்கமாகச் சொல்லுங்கள் என்று மதியச் சோற்றுக்கு அனுப்பினார்.

எழுதின கையோடு அவர் மூளையும் கொஞ்சம் வேலை செய்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாமியார் பிரசங்கத்தில் ஊர்க்காரர்களை 'என் ஆடுகளே' என்றுதான் கூப்பிடுகிறார். ஆகவே இரண்டு பங்கு இப்போது மூன்று பங்கு ஆகிவிட்டது. அதாவது போகட்டும். தொண்ணூற்றொன்பது ஆட்டையும் விட்டுவிட்டு, காணாமல் போன ஒற்றை ஆட்டைத் தேடிப் போன மேய்ப்பன் கதையும் அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். மூன்று முப்பத்து மூன்று தொண்ணூற்றொன்பது. அந்த மீதி ஒன்று யார்?

அந்த வருஷம் பாஸ்குத் திருநாளுக்குச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாதவர் மேலத் தெரு நாட்டாமை ராஜமணி ஒருவர்தான். ஊர் மொத்தமும் அவரைத்தான் பார்த்தது. அவர் சோற்றுக் கையைக்கூடக் கழுவாமல் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பின்னால் இரண்டு தெருவும் வந்தது.

"நான் மீதியா, வாத்தியாரே?" என்றார் ராஜமணி. "இந்தக் கோயிலுக்குக் கல்லு சுமந்தவன் பேரன் மீதி. நேத்துப் பொழைக்க வந்த நீங்க ஈவாக்கும்?"

வாத்தியாருக்குக் காது மடல் சிவந்தது. ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற இந்த ஜனங்களுக்கா நாம் எழுத்தறிவிக்க வந்தோம் என்று இருந்தது. உள்ளே போய்ப் பத்திரிகையை எடுத்து வந்தார். நேற்றுப் படித்த செய்தி இதுதான், இதில் பங்கும் இல்லை ஆடும் இல்லை, காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள் என்று உரக்கப் படித்தார்: 'மேற்கே ஓடி வீணாகும் பெரியாற்றுத் தண்ணீர், மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிடப்படும்.'

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். பாடம் நடத்திப் பழகிய வாய், "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்டுவிட்டது.

"மேக்க இருக்கிறதைப் பிடுங்கிக் கெழக்க குடுக்கிறாகன்னு தெரியுது" என்றார் ராஜமணி.

இந்த விடையிலும் குற்றம் சொல்ல முடியவில்லை. மேலத் தெரு கொதித்தது. கீழத் தெருக்காரன் ஒருவன் சந்தோஷம் தாங்காமல் விசில் அடித்துத் தொலைத்தான். அதற்கு மேல் யார் யாரை முதலில் அடித்தார்கள் என்று இன்றுவரை ஒரு முடிவுக்கு வரவில்லை. கடைசியில் இரண்டு தெருக்காரர்களும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். நாளைக்கு ஒரு பிள்ளையும் பள்ளிக்கூடம் வராது.

எல்லோரும் போன பின், வெறும் பாயைப் பார்த்துக்கொண்டு நின்றார் ஞானதுரை. கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது. வேலை போனால் வீடும் போகும். அவர் குடியிருந்தது பள்ளிக்கூடத்து வீடு. கைப்பிள்ளையோடு மனைவியை எங்கே கொண்டுபோய் வைப்பது? நாளைக்கு இன்ஸ்பெக்டர் இந்தப் பாயையா வகுக்கச் சொல்வார்? நினைக்க நினைக்கப் பயம் தீர்ந்து மறுபடியும் கோபம் மட்டுமே மிஞ்சியது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோயிலுக்கு நடந்தார். காவலுக்கு நின்றவர்களை நெட்டித் தள்ளிவிட்டு மணியை அடித்தார்.

மரண மணியோ என்று பயந்து இரண்டு தெருவும் ஓடி வந்தது.

"கேட்டுக்கங்க" என்றார். மணிக் கயிற்றை இன்னும் விடவில்லை. "இந்தப் பங்கு பிரியாது. இன்னைக்கும் பிரியாது, என்னைக்கும் பிரியாது. சந்தியாகப்பர் மேல ஆணை. அப்படிப் பிரிஞ்சிருச்சுன்னா நான் இனிமே பலப்பத்தைக் கையால தொடமாட்டேன். பொண்டாட்டி பிள்ளையோட அன்னைக்கே இந்த ஊரைவிட்டுப் போயிருவேன்."

கூட்டம் அடங்கிவிட்டது. கணக்கை நம்பாத ஊர், பத்திரிகையை நம்பாத ஊர், சந்தியாகப்பர் ஆணையை நம்பியது. ராஜமணி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நம்ம வாத்தியார் பொய்ச் சத்தியம் செய்கிறவர் இல்லை என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். கீழத் தெருவிலிருந்து சப்பரம் திரும்பி வந்தது. நாளைக்கு மகளுக்குத் தலை சீவி, தானே கொண்டுவந்து விடுவதாகச் செபஸ்தியம்மாள் சொன்னாள். மற்றவர்களும் தலையாட்டினார்கள். அன்றைக்கு முதல்முறையாக ஞானதுரையின் கோபம் இறங்கியது. கோயில் படியில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

அப்போதுதான் சின்னமனூர்ச் சந்தையிலிருந்து நடந்து வந்தார், சாமியார் வீட்டில் சமைக்கிற குசினிக்காரர் இன்னாசி. முந்தின நாள் காலையிலேயே கிளம்பிப் போன மனுஷன், ஊரில் நடந்த எதையும் அறியார். இரண்டு கக்கத்திலும் இரண்டு கோழி. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக வாத்தியார் முன்னால் வந்து நின்றார்.

"நீங்க படிச்சவுக, ஒரு யோசனை சொல்லுங்க வாத்தியாரே. இந்தக் கோழி நாளைக்கு மதுரையிலருந்து வர்ற நம்ம சாமிக்கு. இது அவுக புதுப் பங்குக்குன்னு கூட்டிட்டு வர்ற இன்னொரு சாமியாருக்கு. இதை எந்தத் தெருவுல ஆக்கட்டும்?"