வழுக்காத சிலிப்பர்

வழுக்கி விழுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. கவனமில்லாமல் விழுகிறவர்கள், மிகுந்த கவனத்தோடு விழுகிறவர்கள். முதல் வகையினர்மேல் ஊர் இரக்கப்படும். நான் இரண்டாம் வகை.

எண்பதுகளின் நடுப்பகுதி. கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கோலாலம்பூரில் ஒரு நாளிதழில் துணையாசிரியர் வேலை, பிரிக்ஃபீல்ட்ஸில் கடை மாடியில் ஓர் அறை. மனைவி சரோஜா போர்ட் கிள்ளான்காரி. அவள் அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டுபவர். எங்கள் காதலுக்கு அவர் சம்மதித்தார் என்று சொல்ல முடியாது. எதிர்ப்பதை நிறுத்திக்கொண்டார் என்று சொல்லலாம். "பேப்பர்ல எழுதுறவனுக்கு எல்லாம் தெரியும். ஒண்ணும் செய்யத் தெரியாது" என்பது என்னைப் பற்றி அவர் சொன்ன தீர்ப்பு.

கல்யாணத்துக்குப் பிறகும் அவர் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிடவில்லை. அத்தை கூப்பிட்டார், மச்சான்கள் கூப்பிட்டார்கள், நாங்கள் மாக்சிக் என்று அழைக்கும் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாகூடத் தன் மொழியில் 'மெனந்து' என்று கூப்பிட்டார். மாமா மட்டும் "தம்பி" என்றார். (பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவனையும் அவர் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.) தலை தீபாவளிக்குப் போய்த் திரும்புவதற்குள் அந்த ஒரு சொல்லை அவர் வாயிலிருந்து வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

"எங்க வீட்டுப் பின்பக்கம் பூரா பாசி" என்றாள் சரோஜா. "குளிக்கிற ரூம்பு வெளியில இருக்கு. மழக்காலம் வேற. நல்ல சிலிப்பரா ஒண்ணு வாங்கிக்குங்க. விழுந்து வச்சீங்கன்னா அப்பா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாரு."

சரியான ஆளிடம்தான் சொன்னாள். அதற்கு முந்தைய வாரம்தான் எங்கள் குடும்பப் பக்கத்துக்காக, நல்ல காலணியைத் தேர்ந்தெடுப்பது பற்றிய ஒரு துணுக்கைத் திருத்தியிருந்தேன். ஆகவே அந்தத் துறையில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

எங்கள் மாடிக்குக் கீழே, நாலு கடை தள்ளி ஒரு செருப்புக் கடை. கூரையிலிருந்து சிலிப்பர்கள் வாழைக்குலை மாதிரி தொங்கும். ஒவ்வொன்றாக இறக்கச் சொன்னேன். கட்டைவிரலால் அழுத்தினேன், அழுத்திய குழி உடனே நிரம்பினால் நல்ல ரப்பர். முனை குதியைத் தொடும்வரை வளைத்தேன். வாரை இழுத்துப் பார்த்தேன்.

கடைக்கார அக்கா வெகுநேரம் பொறுமையாக இருந்தார். பிறகு கேட்டார்: "அண்ணே, சிலிப்பர் எடுக்க வந்தீங்களா, கார் எடுக்க வந்தீங்களா?"

"ஈரத்துல நிக்குமா அக்கா?"

"நிக்கும்லா."

"எப்படித் தெரியும்?"

"அதுவே சொல்லுச்சு."

இந்தப் பதிலில் எனக்குத் திருப்தி இல்லை. வாசலைக் கழுவ அவர் வைத்திருந்த சவுக்காரத் தண்ணீரைக் கேட்டு வாங்கிச் சிமெண்டுத் தரையில் ஊற்றினேன். கரும்பச்சை ஜோடி ஒன்றை மாட்டிக்கொண்டு அதன்மேல் நடந்தேன், ஓடினேன், ஓடிச் சட்டென்று நின்றேன், ஒற்றைக் காலில் குதித்தேன். எதிர் காப்பிக் கடையில் ஒரு சீனக் கிழவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். சிலிப்பர் ஓர் அங்குலம்கூட வழுக்கவில்லை. அதன் அடியில் லோரி டயரில் இருப்பதுபோல் ஆழமான பள்ளங்கள்.

"இவ்ளோ நனைச்சாச்சு. இனி நீங்க எடுத்துத்தான் ஆகணும்" என்றார் அக்கா.

தீபாவளிக்கு முதல் நாள் போர்ட் கிள்ளான் போய்ச் சேர்ந்தோம். ராத்திரி எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். மாமாவைக் கவர இதுதான் சமயம் என்று சிலிப்பரை எடுத்து வந்து கவிழ்த்துக் காட்டினேன்.

"டயர் மாதிரியே இருக்கு பாருங்க மாமா. தண்ணி இந்தப் பள்ளத்து வழியா வெளிய போயிடும். அதான் வழுக்காது."

வாழ்நாளெல்லாம் டயர் மாற்றியவருக்கு டயரை விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் சிலிப்பரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ம். சாப்புடுங்க தம்பி."

மறுநாள் விடிந்ததும் என்னைப் பலகையில் உட்கார வைத்தார்கள். தலையிலிருந்து தொடங்கி, முதுகு, தோள், முழங்கால் என்று அத்தையும் சின்ன அத்தையும் நல்லெண்ணெயைத் தாராளமாகத் தேய்த்தார்கள். "உள்ளங்கால்ல வச்சாத்தான் சூடு எறங்கும் மாப்பிள்ளை" என்று அத்தை சொல்ல, நான் ஒரு நல்ல மருமகனாக இரண்டு பாதங்களையும் நீட்டினேன்.

மற்றவர்கள் வெறுங்காலோடு, சுவரைப் பிடித்தபடி குளிக்கப் போவது வழக்கம்.

"சிலிப்பர் வேணாம் மாப்பிள்ளை. இருங்க, சாக்கு விரிக்கிறேன்" என்றார் அத்தை.

"இது வழுக்காது அத்தை" என்றேன், மாமாவின் காதில் விழும்படி.

இடுப்பில் துண்டு, காலில் கரும்பச்சை. பாசி படிந்த சிமெண்டில் இறங்கினேன். பின்கட்டில் மத்தாப்புக் கொளுத்திக்கொண்டிருந்த பிள்ளைகள் பார்த்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் மாக்சிக் பார்த்தார். வாசற்படியில் நின்று மாமா பார்த்தார். நான் மிடுக்காக நடந்தேன். சிலிப்பர் தரையைக் கவ்விப் பிடித்தது. குளியலறைக்கு முன்னால் லோங்காங்கை ஒட்டி ஒரு திருப்பம். வீட்டுக் கழிவுநீரெல்லாம் ஓடும் சாக்கடைதான் லோங்காங். முந்தின இரவு மழையில் அது முழங்கால் அளவு ஓடிக்கொண்டிருந்தது.

அங்கே நான் திரும்பினேன். சிலிப்பர் திரும்பவில்லை.

அதன் அடிப்பாகத்தைத்தான் நான் அத்தனை சோதனை செய்திருந்தேன். மேல்பாகத்தில் எண்ணெய் வழியும் இரண்டு பாதங்கள் நிற்கப்போகின்றன என்பது துணுக்கில் இல்லை. வலது கால் பக்கவாட்டில் வழுக்கி வெளியேறியது. இடது காலை ஊன்றினேன்; அதுவும் அண்ணனைப் பின்தொடர்ந்தது. அடுத்த கணம் நான் லோங்காங்கில் உட்கார்ந்திருந்தேன்.

"அடோய்! மெனந்து சூடா ஜாத்தோ!" மருமகன் விழுந்துவிட்டார் என்ற செய்தியை மாக்சிக் தாமான் குடியிருப்பு முழுவதற்கும் அறிவித்தார்.

உயிர்ச்சேதம் இல்லை. காயம் இல்லை. துண்டு மட்டும் காணாமல் போனது. நான் எழுந்திருக்காமல் இருந்ததற்குக் காரணம் அதிர்ச்சி அல்ல. அந்தத் துண்டு மாக்சிக் வீட்டுப் பக்கமாக மிதந்து போய்க்கொண்டிருந்ததுதான். (உள்ளே அரைக்கால் சிலுவார் இருந்தது. வாசகர்கள் கவலைப்பட வேண்டாம்.)

கரையில் என் சிலிப்பர்கள் இரண்டும் கோயில் வாசலில் கழற்றி வைத்ததுபோல் நின்றன.

பிள்ளைகள் சிரித்தார்கள். சரோஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா மெதுவாக வெறுங்காலோடு நடந்து வந்தார். என்னைப் பார்க்கவில்லை. குனிந்து ஒரு சிலிப்பரைக் கையால் தள்ளிப் பார்த்தார். அது நகரவில்லை. கொஞ்சம் அழுத்தித் தள்ளினார். அப்போதும் நகரவில்லை.

"சிலிப்பர் நல்ல சிலிப்பர்தான்" என்றார்.

பிறகு அவர் தோள்கள் குலுங்கின. அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சத்தமே இல்லாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

"கையக் குடுங்க மாப்பிள்ளை."

எண்ணெய்க் கை. முதல் இழுப்பில் நழுவி மறுபடி உள்ளே உட்கார்ந்தேன். அது வேறு கதை. சொல் கிடைத்துவிட்டது.

அந்தச் சிலிப்பரை நான் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். மாமா அதைப் போட்டுக்கொண்டுதான் பல வருடங்கள் மீன் வாங்கப் பாசார் போய் வந்தார். வார் அறுந்தபோது வேறு வார் மாட்டினார். ஒவ்வொரு தீபாவளிக்கும் நாங்கள் வாசலில் இறங்கியதும், "மாப்பிள்ளை, சிலிப்பர் நிக்குது. நீங்க நிக்கிறீங்களா?" என்று கேட்பார். பிறகு வீட்டில் யார் எதை வாங்கி வந்து பெருமையடித்தாலும், புது காராக இருந்தாலும் புது டெலிபோனாக இருந்தாலும், அவர்களிடமும் அதே கேள்வி கேட்கப்பட்டது.

சில வருடங்களுக்கு முன் என் மகளுக்குத் தலை தீபாவளி, அதே போர்ட் கிள்ளான் வீட்டில். மருமகன் என்ஜினியர். எண்ணெய் தேய்த்து முடிந்ததும், விலையுயர்ந்த ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டு, "இதோட கிரிப் செமயா இருக்கும் மாமா" என்றார் என்னிடம்.

நாற்காலியில் சாய்ந்திருந்த என் மாமா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய்ச் சாக்கை எடுத்து வந்து விரித்தேன்.