வெள்ளை இருக்கப்படாது

நல்லரத்தினம் அந்த வைரத்தைக் காதோரம் கொண்டுபோய்க் கேட்டு, ஒருதரம் முகர்ந்தும் பார்த்துவிட்டு, கடைக் கண்ணாடி மேசையில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினார்.

கடைக்கார ஷாமில் கதிரையை விட்டு எழும்பிவிட்டான்.

"ஐயா, என்ன செய்யிறீங்க?"

"தட்டிப் பாக்கிறன்."

"தட்டிப் பாக்க இது என்ன ஐயா, வத்தகப்பழமா?"

"எனக்கும் ஒண்டும் விளங்கல்ல தம்பி. தட்டிப் பாத்து எடுக்கச் சொல்லி சம்மந்தி சொன்னவ. தட்டாம எடுத்து, மறுகா அவ கேட்டா நான் என்ன சொல்ற?"

மூன்றாம் தட்டில் கல் விரலை விட்டுத் துள்ளியது. துள்ளியதை மூன்று பேரும் கண்டார்கள். விழுந்ததை ஒருவரும் காணவில்லை. ஷாமில் ஓடிப்போய்க் கடையின் இரும்புக் கதவை அரைவாசி இறக்கினான். மின்விசிறியை நிறுத்தினான். நல்லரத்தினத்தின் மனைவி அஜந்தா கூறைச்சேலை மாதிரிப் பாதுகாத்து உடுத்தி வந்த பட்டுச்சேலையோடு முழங்காலில் நின்று மேசைக்கு அடியில் தேடினாள்.

"நான் அப்பவே சொன்னன், கையக் காலை வச்சிட்டுச் சும்மா இருங்க எண்டு."

"காலை எங்க வச்சன்? கையத்தானே வச்சன்."

கடைசியில் கல் அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது. களுதாவளைத் தோட்டத்தில் அன்று விடியப் பறித்துச் சுருட்டி வைத்த வெற்றிலைக்கு நடுவில், பாக்குத் துண்டோடு பாக்குத் துண்டாகப் படுத்திருந்தது.

ஷாமில் அதை எடுத்துத் துடைத்து, நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டான். "இனிக் கண்ணால மட்டும் பாருங்க ஐயா. தட்ட வேணுமெண்டா என்ட தலையில தட்டுங்க."

இவ்வளவுக்கும் காரணம் தொலைபேசியில் வந்த ஒரு குரல் செய்தி. அனுப்பியவர் மாப்பிள்ளை உதயரூபனின் தாய் அன்னப்பூரணி.

நல்லரத்தினத்தின் மகள் தனுஷியாவும் உதயரூபனும் தாங்களாகவே விரும்பிக்கொண்டவர்கள். அந்த ஒரு குற்றத்துக்காக அன்னப்பூரணி ஒரு வருடம் முகத்தை மற்றப் பக்கம் திருப்பி வைத்திருந்தார். இப்போதுதான் மெல்லத் திரும்பியிருந்தது. அந்த முகம் மறுபடி திரும்பாமல் மகளைக் கட்டிக்கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் நல்லரத்தினத்துக்கு இருந்த ஒரே கவலை. சீதனம் என்று அன்னப்பூரணி வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. பெண்ணுக்கு வீடு கொடுப்பது ஊர் வழக்கம். அதை நல்லரத்தினம் நாவற்குடாவில் கட்டிக்கொண்டிருந்தார். நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளைக்கு மோதிரம் போட வேண்டும். என்ன மாதிரி மோதிரம் என்று கேட்டு அனுப்பியதற்கு வந்த பதில்தான் அது.

"சம்மந்தி, மோதிரத்தப் பற்றிக் கேட்டிருந்தீங்க..."

அந்த இடத்தில், தெருத்தெருவாய்ப் பாட்டுப் போட்டுக்கொண்டு பாணும் பனிசும் விற்கிற ஓட்டோ அன்னப்பூரணி வீட்டு வாசலுக்கு வந்திருக்க வேண்டும். பாட்டு ஒரு பாட்டம் பாடி முடித்தது. யாரோ கிம்புளா பனிஸ் கேட்டார்கள். ஓட்டோ தூரப் போனபிறகுதான் சம்பந்தியின் குரல் மறுபடி வெளியே வந்தது.

"...வைரமாப் பாத்து எடுங்க. வெள்ளை இருக்கப்படாது. வெடிப்பு, பூச்சி ஒண்டும் இருக்கப்படாது. பட்டை ஒழுங்காச் சீவியிருக்கோணும். தட்டிப் பாத்து எடுங்க. பிள்ளைகள் காலம் முழுக்கப் பாவிக்கிற சாமான். நான் வந்து பாப்பன்."

நான் வந்து பாப்பன் என்ற அந்தக் கடைசி வார்த்தையில் நல்லரத்தினத்துக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. அவரும் அஜந்தாவும் பாண்காரனின் பாட்டு மனப்பாடமாகும்வரை கேட்டுப் பார்த்தார்கள்.

"சம்மந்தியிட்டயே திருப்பி ஒருக்காக் கேப்பமா?" என்றார் அவர்.

"விசரா உங்களுக்கு? வைரம் எண்ட உடனே பதறிட்டாங்க எண்டு நினைக்க மாட்டாவா? அவ ஆரு? மரம் அரிஞ்சு விக்கிற மரக்காலை முதலாளிட மகள். வைரத்துக்குள்ள பிறந்து வைரத்துக்குள்ள வளந்தவ. வாய் திறந்து கேட்டது இது ஒண்டுதான்."

நல்லரத்தினம் வெற்றிலைத் தோட்டக்காரர். வெற்றிலை என்றால் கண்ணை மூடிக்கொண்டு தடவியே எந்தக் கொடியில் பறித்தது என்று சொல்லுவார். வைரத்தை அவர் அதுவரை வெயிலிலும் கண்டதில்லை, நிழலிலும் கண்டதில்லை.

கடையில் இப்போது ஷாமில் ஒரு வெள்ளைக் கடுதாசியை விரித்து மூன்று கற்களை வரிசையாக வைத்தான். பூதக்கண்ணாடியை நல்லரத்தினத்தின் கையில் கொடுத்தான்.

"இது சுத்த வெள்ளை ஐயா, தண்ணி மாதிரி. முதல் தரம். நடுவில இருக்கிறது கொஞ்சம் மங்கல். இந்தக் கடைசியில லேசா மஞ்சள் ஓடுது. அதால விலையும் குறைவு."

"அப்ப வெள்ளையத் தூக்கி உள்ளுக்கு வைங்க."

"ஏன் ஐயா?"

"சம்மந்திக்கு வெள்ளை ஆகாது."

"வைரம் எண்டாலே வெள்ளைக்குத்தானே ஐயா மதிப்பு. ஊர் உலகத்தில எல்லாரும் வெள்ளையத்தான் தேடுறாங்க."

"ஊர் உலகம் என்ட மகளுக்கு மாமியா வரப்போறல்ல தம்பி."

"பூச்சி இருக்கா எண்டு பாருங்க," என்று அஜந்தா நினைவூட்டினாள்.

ஷாமில் சிரித்தான். "ஓம் அம்மா, அது சரியான பேச்சு. சில கல்லுக்குள்ள பொட்டு இருக்கும். கண்ணாடி வச்சுப் பாத்தா பூச்சி மாதிரியேதான் தெரியும். விசயம் தெரிஞ்ச ஆளுதான் சொல்லியிருக்கு."

"பட்டை?"

"பட்டை தீட்டித்தான் இருக்கு. சீவுறது எண்டு பழைய ஆக்கள் சொல்லுவாங்களாக்கும்."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்னப்பூரணியின் மேல் இருந்த மரியாதை அந்த இடத்தில் இன்னும் ஒரு முழம் வளர்ந்தது.

லேசாக மஞ்சள் ஓடிய கல்லை நல்லரத்தினம் ஆசையோடு கையில் எடுத்தார். வெள்ளையும் இல்லை, விலையும் இல்லை. ஆனால் அஜந்தா அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விலை குறைஞ்சதையா எடுக்கிறீங்க? அவ வந்து பாப்பன் எண்டவ."

"சரி, கேட்டு எழுதன். ஆனா கேக்கிற மாதிரி இருக்கப்படாது."

அஜந்தா யோசித்து யோசித்து எழுதினாள்: 'சம்மந்தி, மஞ்சள் பாத்திருக்கம்.'

பதில் உடனே வந்தது, குரலாகவே. இந்தமுறை பாண்காரன் இல்லை.

"மஞ்சள் எண்டாத் திறம். ஆனா நல்லா முத்தின மஞ்சளாப் பாத்து எடுங்க. கறுப்பு எண்டா அதவிடத் திறம், அது இந்தக் காலத்தில எங்க கிடைக்கப்போகுது. மெலிசா மட்டும் எடுத்திராதீங்க. பாரம் தாங்கோணும்."

ஷாமில் நாடியில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஐயா, உங்கட சம்மந்தி லேசுப்பட்ட ஆள் இல்ல. முத்தின மஞ்சள் வெள்ளையவிட அரிது. விலையும் அப்பிடித்தான். கொழும்பில எங்கட மாமாகிட்ட ஒண்டு கிடக்கு. எடுப்பிக்கவா?"

"பாரம் தாங்கோணும் எண்டாவே, அது என்ன?"

"குடும்பப் பாரம்," என்றாள் அஜந்தா, தயங்காமல். "வளையத்த மொத்தமாச் செய்யச் சொல்றா."

"எவ்வளவு மொத்தம்?" என்று ஷாமில் கேட்டான்.

"எங்கட சம்மந்திய நீங்க கண்டதில்லத்தானே? கண்டிருந்தாக் கேக்க மாட்டீங்க. மொத்தமாச் செய்ங்க."

அந்த நேரம் பார்த்து நல்லரத்தினத்தின் தொலைபேசி அடித்தது. மல்கம் ஓடாவி. பறங்கியர்களில் தச்சுவேலைக்குப் பேர்போன ஆள். நாவற்குடா வீட்டின் கதவு, நிலை, யன்னல் எல்லாம் அவர் பொறுப்பில்தான் இருந்தன.

"அண்ணன், முன்வாசல் நிலைக்கு மரம் எடுக்கப் போறன். நல்ல முதிரை ஒண்டு சொல்லி வச்சிருக்கன். ஏத்தவா?"

"அத விடு மல்கம். மோதிரத்துக்கு வைரம் எடுக்கப்போய்க் கை கடிச்சுப் போச்சு. மரத்த மலிவாப் பாத்து எடு."

"மலிவெண்டா... அண்ணன், அந்த மரம் கறையானுக்கு..."

"பெயின்ட் அடிச்சா எல்லா மரமும் ஒண்டுதானே. நிலையப் பாக்கவா சம்மந்தி வாறா?"

"சரி அண்ணன். வீடு உங்கட," என்று மல்கம் வைத்துவிட்டார்.

கொழும்பிலிருந்து கல் வந்தது. மாம்பழச் சாறு ஒரு சொட்டு உறைந்ததுபோல இருந்தது. மொத்தமான வளையத்தில் பதித்துக் கொடுத்தபோது, அதை விரலில் போடுவதா, மாட்டு வண்டியில் பூட்டுவதா என்று ஷாமிலுக்கே சந்தேகம் வந்தது. நல்லரத்தினம் மட்டும் பூரித்துப் போனார். வீட்டுக்கு வந்த கையோடு சம்பந்திக்குச் சொல்லி அனுப்பினார்.

"எடுத்தாச்சு சம்மந்தி. முத்தின மஞ்சள். நீங்க சொன்ன மாதிரியே."

"சந்தோசம் சம்மந்தி," என்று பதில் வந்தது. அன்னப்பூரணி சந்தோசம் என்று சொல்லி அவர்கள் கேட்டது அதுதான் முதல்தரம். "உடனே எண்ணெய் பூசி, வெயில் படாம நிழல்ல வைங்க. இடைக்கிடை பிரட்டிப் போடுங்க, இல்லாட்டிக் கோணிப் போகும்."

வேலையால் வந்த தனுஷியா, சாமியறை மூலையில் தகப்பன் குந்தியிருப்பதைக் கண்டாள். முன்னால் ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெய். கையில் தேநீர்க் கரண்டி.

"என்னப்பா செய்றீங்க?"

"மோதிரத்தப் பிரட்டிப் போடுறன்."

"ஏன்?"

"கோணிப் போகுமாம்."

தனுஷியா கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, ரூபன் மோதிரமே போடமாட்டார். மணிக்கூடு கட்டினாலே கை கடிக்குது எண்டு கழட்டி வைக்கிற ஆள்."

"இது அவர் போடுறதுக்கில்ல மகள். மாமி பாக்கிறதுக்கு."

நிச்சயதார்த்தம் நாவற்குடாவில் புதுவீட்டிலேயே நடந்தது. பெயின்ட் மணம் இன்னும் போகவில்லை. மல்கமையும் சாப்பிட அழைத்திருந்தார்கள். அவர் கையைக் காலை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஆள். காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, முன்வாசல் கதவின் கொண்டியைச் சரிபார்த்துக்கொண்டு நின்றார்.

தட்டு மாற்றினார்கள். நல்லரத்தினம் மாப்பிள்ளையின் விரலில் மோதிரத்தைப் போட்டார். ஒரு கிழமை எண்ணெயில் ஊறிய மோதிரம் ஏறிய வேகத்திலேயே இறங்கி, சீமெந்துத் தரையில் விழுந்து, பெண்களின் வரிசையைக் கடந்து, பிள்ளைகளின் வரிசையைக் கடந்து வாசலை நோக்கி ஓடியது. மல்கம்தான் காலால் மறித்துப் பிடித்தார். சால்வையால் இரண்டுதரம் துடைத்து, இரண்டாந்தரம் போட்டபோது நின்றுகொண்டது. உதயரூபனின் கை மட்டும் அந்தப் பாரத்தில் ஒரு பக்கம் சரிந்தது.

நல்லரத்தினம் சம்பந்திக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஒரு நல்ல வார்த்தைக்காகக் காத்து நின்றார்.

"பாத்தீங்களா சம்மந்தி?"

"பாத்தன். புஷ்பராகமா? சாதகத்தில வியாழன் ஏதும் பிழையாமா?"

"வைரம் சம்மந்தி." குரலைத் தாழ்த்தினார். "முத்தின மஞ்சள். வெள்ளை ஒரு பொட்டு இல்ல. பூச்சி இல்ல. தட்டியும் பாத்த."

அன்னப்பூரணி மகனின் விரலையும் சம்பந்தியின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

"மோதிரத்துக்கா? இவன் ரெண்டு நாள் போடமாட்டான் எண்டு அந்தக் குரல் செய்தியிலயே நான் சொன்னன்தானே. ஒரு வெறும் வளையம் போதும் எண்டும் சொன்ன."

நல்லரத்தினத்தின் காதுக்குள் பாண் ஓட்டோவின் பாட்டு முதலிலிருந்து ஓடத் தொடங்கியது. அஜந்தாவைத் திரும்பிப் பார்த்தார். அவளுக்கும் அதே பாட்டுத்தான் ஓடிக்கொண்டிருந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

"சரி, போனது போகட்டும்," என்று அன்னப்பூரணி சேலையைச் சரிசெய்துகொண்டு எழும்பினார். "நான் பாக்க வந்ததப் பாப்பம்."

நேரே முன்வாசலுக்குப் போனார். நிலையில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். நகத்தால் பெயின்டைக் கொஞ்சம் சுரண்டினார். பிறகு மல்கமிடம் திரும்பினார்.

"என்ன ஓடாவி இது, முழுக்க வைரம் பாயாத வெள்ளை மரமெல்லா? வாற மாரிக்குள்ள கறையான் திண்டு முடிச்சிரும். நான் அவ்வளவு சொல்லி அனுப்பினனே, இந்த நிலைக்குரிய வைரம் எங்க?"

மல்கம் காதிலிருந்த பென்சிலை எடுத்து, அதாலேயே மாப்பிள்ளையின் விரலைச் சுட்டிக் காட்டினார்.

"அந்தா கிடக்கு அம்மா. வைரம் முழுக்க அண்ணன் அங்க போட்டுட்டார். நிலைக்கு வெள்ளைதான் மிஞ்சின."