டீமேக்கரய்யாவின் மோட்டார் வைத்தியம்

ஊருக்கு ஒருவர் இருக்கிறார். உங்கள் ஊரிலும் இருக்கிறார், இல்லையென்று சொல்லாதீர்கள். ஒரு மோட்டார் கிளம்பாமல் மக்கர் பண்ணினால் போதும். எங்கிருந்து வந்தார், யார் சொல்லி அனுப்பினார் என்று ஒன்றும் தெரியாது, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நின்று, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, டயரை ஓர் உதை உதைத்து, பானட்டைத் திறப்பதற்கு முன்பே "நான் அப்பவே நெனச்சேன்" என்பார். எப்போது நினைத்தார்? வண்டியைப் பார்த்ததே இப்போதுதானே! அதைக் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் உங்களுக்கும் ஒரு நோய் இருப்பதாகச் சொல்லிவிடுவார். இந்த இனத்துக்கு "தெரியாது" என்ற சொல் மட்டும் வாயில் நுழையாது.

ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவின் கேமரன் மலையில் அந்தப் பதவியை வகித்தவர் எங்கள் தேயிலைப் பாக்டரி டீமேக்கர் அல்போன்ஸ் ஐயா. கொழுந்தை மோந்து பார்த்தே வாட்டம் போதுமா போதாதா என்று சொல்லும் மூக்கு அவருக்கு. அதில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அந்த மூக்கு பாக்டரியோடு நின்றதா? ஆடு கத்தினால் ஆட்டை மோந்தார். தொழிலாளர் லயத்தில் அடுப்பு புகைந்தால் அடுப்பை மோந்தார். பிரிஞ்சாங்கில் ஒரு லாரி படுத்துவிட்டதென்று கேள்விப்பட்டு நாலு மைல் நடந்துபோய் மோந்து, "டீசல்ல தண்ணி கலந்திருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தார். அது பெட்ரோல் லாரி.

அவரிடம் வந்து மாட்டியவன் டிரைவர் இருளப்பன். வெள்ளைக்காரத் துரை மலையை விட்டு ஓடும்போது, தன்னுடைய சிவப்பு ரெண்டு சீட்டுப் பந்தயக் காரைக் கொண்டுபோக முடியவில்லை. கிழட்டு வண்டிதான், ஏற்றத்தில் மனிதனைப்போல் மூச்சு வாங்கும். ஆனாலும் எதிரி கையில் ஓடக்கூடாது என்று துரைக்கு வைராக்கியம். கரண்டைப் பிரித்து அனுப்புகிற டப்பாவுக்குள் ரோட்டர் என்று கட்டைவிரல் அளவு ஒரு சாமான் உண்டு. அதைக் கழற்றி ஆற்றில் எறியச் சொல்லிவிட்டுப் போனார். இருளப்பனும் எறிந்தான். அது இல்லாமல் அந்த வண்டி இருமக்கூட இருமாது.

ஒன்றரை வருஷம் கழித்து, பங்களாவில் குடிவந்த ஜப்பான் அதிகாரிக்கு அந்தக் கார்மேல் ஆசை பிறந்தது. கொட்டகையிலிருந்து தள்ளி வரச் சொல்லி, லாரி பேட்டரியை மாட்டி, நாலு பேர் மாறி மாறி ஹேண்டிலைச் சுற்றினார்கள். ஊஹூம். அதிகாரி இடுப்புக் கத்தியைத் தட்டிக்கொண்டு உடைந்த மலாயில் சொன்னான்: நாளை மதியம் தாப்பாவிலிருந்து பட்டாள மெக்கானிக் வருவான். எவனாவது சாமானைக் கழற்றியிருப்பது தெரிந்தால் அவன் தலை இருக்காது.

காரைப் பார்த்துக்கொண்டவன் எவன் என்று எஸ்டேட்டுக்கே தெரியும். இருளப்பன் மெல்லக் கூட்டத்துக்குப் பின்னால் நழுவினான். அந்த நேரம் பார்த்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்த மூக்கு வரவேண்டும்!

"நான் பாக்குறேன், துவான்! மத்தியானத்துக்குள்ள ஓடும்!" என்றார் ஐயா அதிகாரியைப் பார்த்து.

அதிகாரி தலையாட்டிவிட்டான். அன்று சாயங்காலம் இருளப்பனுக்குக் கஞ்சி இறங்கவில்லை.

"அந்த மனுசன் டப்பாவைத் தொறந்தா நான் செத்தேன், செல்லம்."

அவன் பெண்டாட்டி செல்லம் பதறவில்லை. "நீங்களே போயி, டப்பாவிலதான் கோளாறுன்னு சொல்லிடுங்க."

"பைத்தியமாடி உனக்கு?"

"அடுத்தவங்க சொன்னதை அவரு என்னிக்கு ஒத்துக்கிட்டாரு? நீங்க சொன்னா அந்தப் பக்கம் தலைவச்சுப் படுப்பாரா? சொல்லிப் பாருங்க லா!"

காலையில் அல்போன்ஸ் ஐயா பானட்டுக்குள் தலையை விட்டு, மூக்குத்துவாரம் விரிய ஒரு இழுப்பு இழுத்தார். இருளப்பன் துணிந்து வாயைத் திறந்தான்.

"ஐயா, கரண்டு டப்பாவுக்குள்ள ஏதோ கொறையுதுங்க."

"நீ டிரைவரு. ஓட்டத் தெரியும். நோய் தெரியுமா?" என்று எரிந்து விழுந்தார் ஐயா. "ஒன்றரை வருசப் பனி உள்ள எறங்கியிருக்கு. ஈரம்! எல்லாத்தையும் கழட்டு, காய வைக்கணும்."

"வெயிலே இல்லையேங்க."

"டிரையர் இருக்கையில வெயில் எதுக்குடா?"

கேட்டீர்களா? தேயிலை காயவைக்கிற டிரையரில் மோட்டார்! காயில், கார்புரேட்டர், ஒயர், பிளக்கு என்று ஒவ்வொன்றாகக் கழன்று தட்டில் ஏறியது. இருளப்பன் அந்த டப்பாவை மட்டும் மூடியோடு ஓரமாக வைத்தான்.

"மூடியைத் தொற. மூடி வச்சா ஈரம் எப்படிப் போகும்?"

திறந்தான். ரோட்டர் இருக்கவேண்டிய இடம் பொக்கை வாய்போல் தெரிந்தது. ஐயா குனிந்து, அதையே உற்றுப் பார்த்து, "ம்ம்" என்றார். இருளப்பன் வாசலுக்கு எத்தனை எட்டு என்று பார்த்துக்கொண்டான்.

"பாத்தியா, உள்ள ஒண்ணுமே இல்ல, என்ன சுத்தம்! துரை நல்லாத்தான் வச்சிருந்திருக்காரு."

தட்டுகள் உள்ளே போயின. தேயிலைக்குக் கொடுக்கிற சூடு இரும்புக்குப் பத்தாதென்று ஐயா விறகுக்கு மேல் விறகு போடச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் காயிலுக்குள்ளிருந்த தார் உருகி ஒழுகியது, ரப்பர் சுருண்டது, தக்கை கருகியது. பாக்டரியில் மனிதன் நிற்க முடியாத நாற்றம். ஐயா கண்ணை மூடிக்கொண்டு மோந்தார். "ஈரம் வெளியேறுது" என்றார்.

மதியம் அதிகாரியும் மெக்கானிக்கும் வந்தபோது தட்டில் இருந்தது மோட்டார் அல்ல, கருப்பட்டிப் பாகு. மெக்கானிக் ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்தான். டப்பாவை எடுத்தான். உள்ளே விரலை விட்டுத் துழாவினான். அல்போன்ஸ் ஐயாவிடம் திரும்பி, "மானா?" என்றான். ரோட்டர் எங்கே என்று மலாயில் கேட்கிறான்.

அப்படி ஒரு சாமான் உலகத்தில் உண்டு என்பதே ஐயாவுக்குத் தெரியாது. "எனக்குத் தெரியாது, நான் திறந்தபோதே இல்லை" என்று உள்ளதைச் சொன்னால் முடிந்தது. இருளப்பன் தலை உருண்டிருக்கும். மாதாவே, மாரியாத்தா என்று அகப்பட்ட சாமியையெல்லாம் இருளப்பன் கூப்பிட்டான்.

ஐயா சொல்வாரா? பத்து எஸ்டேட் ஜனங்கள் பார்க்க, தெரியாது என்று அல்போன்ஸ் ஐயா சொல்வாரா?

"அதுவா? இந்தா இருக்கே!" என்று தட்டோரத்தில் கிடந்த ஒரு தார் உருண்டையைக் காட்டினார். "அதுக்குத்தான் ஈரம் ஜாஸ்தி. அதான் மொதல்ல உருகிருச்சு. நான் எதிர்பார்த்ததுதான்."

மெக்கானிக் உருண்டையை வாங்கினான். புரட்டினான். பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், மோந்து பார்த்தான். பார்த்துவிட்டு, எல்லாம் தெரிந்த மாதிரி மெல்லத் தலையாட்டினான். அந்த இனம் கடல் கடந்தும் இருக்கிறது!

அதிகாரி "பாகேரோ!" என்று தன் பாஷையில் முட்டாள் பட்டம் கட்டிக் கத்தி, ஐயாவின் கன்னத்தில் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று பளார் பளாரென்று விட்டுவிட்டு, ஜீவனற்ற காரை ஓர் உதையும் உதைத்துவிட்டுப் போய்விட்டான். போயே விட்டான்! இருளப்பனுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஓடிப்போய் ஐயாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். அந்த நிமிஷம் அவருக்காக உயிரையே கொடுத்திருப்பான்.

"ஐயா, வலிக்குதுங்களா?"

"அது கெடக்கு. அவன் கையை ஓங்கயில அவன் தோள்ல ஒரு சத்தம் கேட்டுச்சே, கவனிச்சியா? வாயு. டிரையர்கிட்ட ஒரு மணி நேரம் உக்காந்தா சரியாப் போயிரும்."

சிரிக்கிறீர்கள், நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். இதைப் படித்துக்கொண்டே வரும்போது, 'டீ டிரையர் சூட்டில் ரோட்டர் எப்படி ஐயா உருகும்? அது உருகாத சாமான் ஆயிற்றே. அந்த மெக்கானிக் சரியில்லை, நானாக இருந்தால் கண்டுபிடித்திருப்பேன்' என்று மனசுக்குள் முணுமுணுத்தீர்களா, இல்லையா? நினைத்தேன். அல்போன்ஸ் ஐயாவைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்கிறேன், உங்களுக்கும் இடம் வேண்டுமே.