மருமகன் அனுப்பிய கொரியாத் தண்ணீர்

கண்ணியமிக்க மருமகன் இஹ்ஸான் அவர்களுக்கு, மாமனார் முகைதீன்பாவா சொல்லச் சொல்ல, சந்திக்கடை பஸால் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே எல்லாரும் சுகம். உங்கள் மனைவியும் மாமியும் கொஞ்சம் கூடுதலாகவே சுகம். முகம் மட்டும் இன்னும் காயவில்லை. கொரியாவில் பனிக்குள் நின்று உழைக்கும் உங்களுக்கு அல்லாஹ் நல்ல உடம்பைத் தரவேண்டும். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போன் எந்நேரமும் அவர்கள் இருவர் கையில். எதற்குப் பிறகு எதைப் பூசுவது என்று யாரோ ஒரு பெண்பிள்ளை அதில் பாடம் நடத்துகிறாள்.

நீங்கள் அனுப்பிய பார்சல் வந்தது. உள்ளே டோனர் என்று ஒரு போத்தல். கலியாணத்துக்கு முதல் உங்கள் வீட்டார் என்னிடம் கேட்ட சாமான்கள் எல்லாம் எனக்கு இன்றும் மனப்பாடம். அதில் டோனர் இல்லை. என்னவோ என்று திறந்து பார்த்தேன். தண்ணீர். நிறமில்லை, வாசமில்லை. நிலத்தைத் தோண்டினால் தண்ணீர், மாரியில் தோண்டாமலே வீட்டுக்குள் தண்ணீர் என்று கிடக்கும் ஊருக்கு நீங்கள் விமானத்தில் தண்ணீர் அனுப்பியிருக்கிறீர்கள். பெரிய யோசனைக்காரர்.

"இது மூஞ்சிக்கு ஈரம் குடுக்கிற தண்ணி வாப்பா. கழுவிப்போட்டுத் துடைக்கக் கூடா, ஈரத்தோட ஊத்தித் தட்டணும். ஊறினதும் திரும்பத் தட்டணும்" என்றாள் றுஸ்னா.

"எத்தின தரம்?"

"ஏழு தரமும் தட்டலாம்."

வயலுக்குக்கூட நான் அத்தனை தரம் தண்ணீர் கட்டியதில்லை என்றேன்.

"அதான் உங்கட மூஞ்சி மாதிரி வயலும் வெடிச்சுக் கிடந்திச்சு" என்றார் உங்கள் மாமி சரீபா. அவரும் கட்சியில் சேர்ந்தாயிற்று. ஐந்து நேரத் தொழுகைக்கும் வுழூச் செய்தால் முகம் கழுவுபடும். ஆகவே தொழுது சலாம் கொடுத்ததும் மறுபடி முதலிலிருந்து தட்டல். ஒருநாள் அசர் தொழுகைக்குப் பிறகு அந்தச் சத்தம் கேட்டு, ரொட்டி தட்டுகிறார்களாக்கும் என்று கையைக் கழுவிக்கொண்டு மேசையில் குந்தியிருந்தேன். சரீபா பளபளவென்று வந்தார். "ரொட்டி எங்க?" என்றேன். "என்ன ரொட்டி?" என்றார். மறுநாளும் ஏமாந்தேன். அதற்கடுத்த நாள் உண்மையாகவே ரொட்டி தட்டியிருக்கிறார்கள். நான் நம்பாமல் பள்ளிவாசலுக்குப் போய்விட்டேன். வந்து பார்த்தால் றப்பர்.

இதெல்லாம் போகட்டும். நானும் சரீபாவும் மக்காவுக்கு உம்றாப் பயணம் போக இருப்பது உங்களுக்குத் தெரியும். கல்முனையில் ஏஜென்டின் கடைக்கு விசாவுக்கு விரல் பதியப் போனோம். சரீபா வைத்த உடனே மெசின் பச்சை காட்டியது. தண்ணீரைத் தட்டித் தட்டி அவர் விரலெல்லாம் பச்சைப்பிள்ளையின் விரல் மாதிரி ஊறிக் கிடக்கிறது. நான் வைத்தேன், சிவப்பு. துடைத்து வைத்தேன், ஊதி வைத்தேன், அப்போதும் சிவப்பு.

"மண்வெட்டி பிடிச்ச கை மாமா, ரேகை காஞ்சு தேஞ்சு போச்சு. வியாழனுக்குள்ள விழல்லயெண்டா மாமிய அவங்கட தம்பியோடதான் அனுப்பணும்" என்றார் ஏஜென்ட்.

படிக்காத எனக்கு இருந்த ஒரே கையெழுத்து அந்தப் பெருவிரல்தான். நீங்கள் குடியிருக்க றுஸ்னாவின் பெயருக்கு வீட்டை எழுதிய அன்று அது ஒரே அமுக்கில் விழுந்ததை நீங்களும் பக்கத்தில் நின்று பார்த்தீர்கள். கஃபாவுக்குப் போக வைத்தால்தான் அதற்கு வெட்கம் வருகிறது.

வீட்டுக்கு வந்ததும் சரீபா, "இஞ்ச கொண்டாங்க கைய, டோனர் தட்டிவிடுறன்" என்றார்.

"கொரியாத் தண்ணியத் தட்டித்தான் மக்காவுக்குப் போகணுமெண்டா நான் போகல்ல" என்றேன்.

"சரி, நான் தம்பியோட போறன். உங்களுக்கும் துஆக் கேக்கிறன்" என்றவர், தன் முகத்தைத் தட்டப் போய்விட்டார். பெரிய சூறாவளியில் கூரை பறந்தபோது, உயிர் தப்பினால் இரண்டு பேரும் சேர்ந்து கஃபாவைப் பார்ப்போம் என்று ஒரே பாய்க்குக் கீழே கிடந்து என்னிடம் சத்தியம் வாங்கியவர் இவர். அவர் மறந்திருக்கலாம். எனக்கு அந்தப் பாயின் நிறமும் ஞாபகம்.

ஆகவே மருமகன், இனி அந்தத் தண்ணீரை இந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்று மிகவும் பணிவாகச் சொல்லிக்கொள்கிறேன். உங்கள் சம்பாத்தியத்தில் அல்லாஹ் பறக்கத் செய்வானாக. அதை நல்ல சாமான் வாங்கச் செலவழிக்கும் புத்தியையும் தருவானாக. உங்களோடு அறையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் என் சலாம்.

இப்படிக்கு,
மாமனார் முகைதீன்பாவா

பின்குறிப்பு: மேலே உள்ளது செவ்வாய்க்கிழமை எழுதியது. தபாலில் போடாமல் வைத்திருக்கச் சொன்னேன். இன்று வியாழன். விரல் ரேகை மெசினில் விழுந்துவிட்டது. வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்து கதவைப் பூட்டிக்கொண்டு நானே விரலில் தட்டினேன். காய்ந்த தரை முதல் தண்ணீரைக் குடிக்காது, ஓடவிடும். கொஞ்சம் விட்டு, ஊறவிட்டு, மறுபடி விடவேண்டும். இது வயல்காரனுக்குத் தெரிந்த வேலைதான். போத்தல் முடிந்துவிட்டது. ஜித்தாவில் இறங்கியதும் திரும்ப விரல் வைக்கவேண்டுமாம், ஆகவே இன்னும் இரண்டு போத்தல் அனுப்பவும். வீட்டு விலாசம் வேண்டாம், பஸாலின் கடைக்குப் போடவும். எப்படி விழுந்தது என்று சரீபா கேட்டார். அல்லாஹ் நாடினான் என்றேன். என் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்துவிட்டு, "ஓம், நல்லா மெத்தெண்டுதான் நாடியிருக்கான்" என்றார்.