வெசாரணையிடம் சிக்கிய தாய்மாமன்

கோயமுத்தூரில் அந்த மனிதரிடமிருந்து நம் குழந்தையைத் திரும்ப வாங்குவதைவிடப் புதிதாக ஒன்று பெற்றுக்கொள்வது சுலபம். தொண்ணூறுகளில் கோடை விடுமுறைப் பொருட்காட்சிக்குப் போனவர்களில் பாதிப் பேர் இதற்குச் சாட்சி சொல்வார்கள்.

அவர் பெயர் யாருக்கும் தெரியாது. 'வெசாரணை' என்றுதான் சொல்வார்கள். ஏதோ மில் கேட்டில் வேலை பார்த்தபோது, பாஸ் இல்லாமல் முதலாளியின் காரைக்கூட வெளியே விடாதவராம். ரிட்டயர் ஆனவரிடம் ஒரு மைக்கைக் கொடுத்து, காணாமல் போன குழந்தைகளுக்கான கொட்டகையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

ஆரம்பத்தில் சாதாரண மனிதராகத்தான் இருந்திருக்கிறார். முதல் நாள் அழுதுகொண்டு வந்த குழந்தையிடம் பெயர் கேட்டார். "கண்ணு" என்றது. அம்மா பெயர்? "அம்மணி." அப்பா பெயர்? "ஏனுங்க."

வீட்டில் காதில் விழுவதைத்தானே குழந்தை சொல்லும்! இவரும் மைக்கைப் பிடித்து, "கண்ணு என்கிற குழந்தையின் தாயார் அம்மணி, தகப்பனார் ஏனுங்க அவர்கள் உடனே வரவும்" என்று அறிவித்துவிட்டார். பல்லடத்திலிருந்தும் காரமடையிலிருந்தும் வந்திருந்த அத்தனை அம்மணிகளும் கொட்டகையை மொய்த்துவிட்டார்கள். இடுப்பில் சொந்தக் குழந்தையை வைத்துக்கொண்டே சிலர் வந்தார்களாம்.

அன்றோடு மைக்கில் அடையாளம் சொல்வது நின்றது. "ஒரு கொழந்தை இருக்குதுங்க. தொலைச்சவங்க வந்து சொல்லுங்க." அவ்வளவுதான். குழந்தை துணித் தடுப்புக்குப் பின்னால் இருக்கும். வந்தவர்தான் பரீட்சை எழுத வேண்டும். கொடுமுடிக்காரர் ஒருவர், மகன் ரெண்டாவது படிப்பதாகச் சொன்னார். உள்ளேயிருந்து "மூணாவது" என்று சத்தம் வந்தது.

"ஒரு வருசமா எங்கீங்க போயிருந்தீங்க?" என்று கேட்டு, அம்மா வரும்வரை அவரை உட்கார வைத்துவிட்டார் வெசாரணை.

இதையெல்லாம் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவன் நான். ஒரு சாயங்காலம், அக்கா வளையல் கடைக்குள் நுழைந்ததும், அவளுடைய நாலு வயது மகளை மரணக் கிணறு பார்க்கக் கூட்டிப்போனேன். மோட்டார் சைக்கிள் செங்குத்தாக ஏறியதும் கைதட்டினேன். கைதட்ட இரண்டு கை வேண்டுமே. தட்டி முடித்துப் பார்த்தால் குழந்தை இல்லை.

ராட்டினத்தடியிலும் அப்பளக் கடையிலும் ஓடித் தேடினேன். மைக் சத்தம் கேட்டதும் கொட்டகையில் போய் விழுந்தேன்.

"கவுனு என்ன கலருங்க?"

"செகப்பு... இல்லீங்க, பச்சை."

"ரெண்டையும் போட்டுட்டா வந்துச்சு? காதுல?"

"தங்கக் கம்மலுங்க."

"எப்படிக் கம்மலு?"

என் காதைத் தடவிப் பார்த்தேன். அவர் தடுப்புக்குள் தலையை விட்டு, "கண்ணு, உன்ற மாமன் எப்படி இருப்பாரு?" என்றார்.

"அழகா இருப்பாரு."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நீங்க இல்லீங்க."

கத்தினேன், கெஞ்சினேன், கடைசியில் தரையில் உட்கார்ந்து அழுதேன். சத்தம் கேட்டு அக்கா ஓடி வந்து, நீலக் கவுன், பூக்கம்மல் என்று மூச்சுவிடாமல் சொன்ன பிறகுதான் குழந்தை வெளியே வந்தாள். இருவரும் கட்டிக்கொண்டதும் எனக்கு வீராவேசம் திரும்பியது.

"என்னையப் பாத்தா புள்ள புடிக்கறவனாட்டம் இருக்குதுங்களா?"

"உங்களுக்கு முன்னால ஒருத்தன் வந்தானுங்க. அவனும் மாமன்னுதான் சொன்னான். எப்படிக் கம்மலுன்னேன். இதா வாரேன்னு போனவன் வரவேயில்லீங்க."

அக்கா குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"நீங்க அரை மணி நேரமா என்னையத் திட்டி வஞ்சுட்டு இங்கயே கெடக்கறீங்க. அப்பவே தெரியுமுங்க நீங்கதான் மாமன்னு."

"அப்பறம் ஏனுங்க குடுக்கலை?"

"எனக்குத் தோணுறதை நம்பிப் புள்ளயக் குடுக்க முடியுங்களா?"

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தேன். அதற்குள் இன்னொரு தகப்பனார் வேர்க்க விறுவிறுக்க வந்து எகிறினார். "எம்புள்ளயக் குடுக்க இத்தனை கேள்வி கேக்கறாரே, யாருங்க இந்தாளு?"

வெசாரணை வாயைத் திறக்குமுன் நான் எழுந்துவிட்டேன்.

"எங்க ஐயாதானுங்க. கோவிச்சுக்காம கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க."